பாறைமேல் ஒரு பச்சைப் புழு

பிரிட்டனின் மேற்குக் கரையில் கடல் வற்றினால் நன்றாகவே வற்றும். பிரிஸ்டல் கால்வாயில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 14 மீட்டர் வரை வித்தியாசம் வரும். சென்னைக் கரையில் அது ஒரு மீட்டரைச் சுற்றியே நிற்கும் என்பதால் நாம் இதைக் கொஞ்சம் முயன்றுதான் கற்பனை செய்ய வேண்டும். காலையில் நான்கு மாடி உயரத்துக்குத் தண்ணீர் நின்ற இடத்தில் மதியம் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஆள்கள் நடப்பார்கள்.

நீர் இறங்கிய பாறையில் உயிரினங்கள் பட்டை பட்டையாக வாழ்கின்றன. மேலே சாம்பல் வெள்ளையாகக் கொட்டலசு. அதற்கடுத்து நெருக்கியடித்துக்கொண்டு கருநீலச் சிப்பிகள். இடுக்குகளில் வேட்டை நத்தை. கீழே வழுவழுப்பான பழுப்புக் கடற்பாசி. பெரும்பாலும் சாம்பலும் கறுப்பும் பழுப்புமான இந்த உலகத்தில், வெயில் இல்லாத ஈரமான ஒரு நாளில், கொட்டலசுகளின் கூர்முனைகள் மேல் பளிச்சென்ற பச்சை நூல் ஒன்று நெளிந்து போகும். பாசியின் பச்சை அல்ல. இளம் நெற்பயிரின் பச்சை. நீளம் 5 முதல் 15 சென்டிமீட்டர், அகலம் சில மில்லிமீட்டர்தான். நின்று நிதானிக்காது. ஒரு காலிக் கொட்டலசு ஓட்டுக்குள் தலையை விடும், எடுக்கும், அடுத்ததுக்குப் போகும். தொட்டால் சட்டென்று இடுக்குக்குள் மறைந்துவிடும். அது போன தடத்தில் கோழை மின்னும்.

ஐரோப்பியக் கரைகளில் நடப்பவர்கள் முதலில் அறிந்துகொள்ளும் கடற்புழுக்களில் இதுவும் ஒன்று. இதற்கு யூலேலியா என்று பெயர். கரையோர உயிரினக் கையேடுகள் பலவும் பல்லாண்டுகளாக இதை யூலேலியா விரிடிஸ் என்றே அச்சிட்டு வந்தன. வேறு எந்தப் புழுவும் இவ்வளவு பச்சையாக இராது, பார்த்த உடனே பெயர் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை அந்தக் கையேடுகளில் தெரியும். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும் என்பதே இந்த அத்தியாயம்.

பள்ளி விலங்கியலில் நீரிஸ் என்ற புழுவின் படம் வரைந்தவர்களுக்கு யூலேலியாவின் குடும்பம் புதிதல்ல. இரண்டும் பாலிகீட்டா வகை. மண்புழுவுக்கும் அட்டைக்கும் உறவு. ஆனால் பெரும்பாலும் கடல்வாசிகள். உடல் வளையம் வளையமாக இருக்கும். ஒவ்வொரு வளையத்தின் இரு பக்கமும் சதைப்பற்றான பக்கக்கால், அதிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும் முள்மயிர்க் கொத்து. அந்த மயிர்கள்தான் புழுவுக்குப் பாறையில் பிடிமானம். உலகில் பெயரிடப்பட்ட பாலிகீட்டா இனங்கள் பத்தாயிரத்துக்கும் மேல். ஆகவே 'பச்சையாக ஒரு புழு பார்த்தேன்' என்பது விசாரணையின் தொடக்கம்தான்.

பச்சையாக இருப்பவை வேறு யார் யார்?

முதல் சந்தேக நபர் பாலிகீட்டாவே இல்லை. அதே கரையில், கற்களுக்கு அடியில், லினியஸ் விரிடிஸ் என்ற நாடாப்புழு இருக்கிறது. (நம் குடலில் வரும் நாடாப்புழுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது சுதந்திரமாக வாழ்ந்து வேட்டையாடும் வேறொரு தொகுதி.) கரும்பச்சை நிறம், வழுக்கும் உடல். கல்லைப் புரட்டியவர் அவசரத்தில் யூலேலியா என்று எழுதிக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு. பிரித்தறிவது சுலபம்: நாடாப்புழுவுக்கு வளையம் இல்லை, பக்கக்கால் இல்லை, மயிர் இல்லை. தலையிலிருந்து வால்வரை ஒரே வழவழப்பு.

இரண்டாவது, நீரிஸின் உறவினர்கள். பாறை இடுக்குகளில் வாழும் பெரினீரிஸ் கல்ட்ரிஃபெரா வெண்கலப் பச்சையாக இருக்கும். முதுகின் நடுவே சிவப்பு இரத்தக்குழாய் ஓடுவது வெளியே தெரியும். மீன்பிடிப்பவர்கள் தூண்டிலில் கோக்கும் அலிட்டா வைரன்ஸ் இன்னும் பெரியது. பச்சையும் நீலமுமாக மினுங்கும். இவற்றைக் கையில் எடுக்கும்போது கவனம் வேண்டும். தொண்டையை வெளியே தள்ளும்போது அதன் நுனியில் ஒரு ஜோடிக் கருந்தாடைகள் வரும், பெரிய புழுவானால் விரலை நறுக்கென்று கடிக்கும். யூலேலியாவுக்குத் தாடையே கிடையாது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து அதன் வாழ்க்கை முறை முழுதும் கிளைக்கிறது. அதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

மத்தியதரைக் கடலோரமானால் மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும்: பொனேலியா விரிடிஸ். கரும்பச்சை மூட்டை ஒன்று பாறைப் பொந்துக்குள் கிடக்க, கவட்டை முனையுள்ள நீண்ட துதிக்கை மட்டும் வெளியே நீண்டு உணவைத் தேடும். அப்படிக் கண்ணில் படுவது எப்போதும் பெண்தான். ஆண் சில மில்லிமீட்டர் நீளத்தில், பெண்ணின் உடலுக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறது. கடலில் மிதக்கும் குஞ்சுப் புழு ஒரு பெண்மேல் போய் ஒட்டினால் ஆணாகவும், தனியாகத் தரையில் இறங்கினால் பெரும்பாலும் பெண்ணாகவும் வளரும். இந்த விசித்திரப் பிறவியையும் பாலிகீட்டாக்களின் உறவு வட்டத்துக்குள்தான் இன்றைய வகைப்பாட்டாளர்கள் வைக்கிறார்கள்.

கடினமானது நான்காவது. யூலேலியாவின் சொந்தக் குடும்பமான ஃபில்லோடோசிடேவில் அதன் பங்காளிகள் ஏராளம். ஃபில்லோடோசி லேமெல்லிகெரா நீலப் பச்சை மினுக்கமும் இலைப்பச்சைப் பக்கங்களுமாகப் பார்க்க ஆடம்பரமாக இருக்கும். ஃபில்லோடோசி மாக்குலேட்டா மஞ்சள் பச்சையில் பழுப்புப் புள்ளிகள் போட்டிருக்கும். நிறத்தை நம்பி இவர்களிடையே பாகப்பிரிவினை செய்ய முடியாது. வயது, அண்மையில் தின்ற தீனி, வயிற்றில் உள்ள முட்டை எல்லாம் சாயலை மாற்றும். நிறத்தை விட்டுவிட்டு உடலைப் பார்க்க வேண்டும்.

அதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. கொஞ்சம் கடல்நீர் விட்ட வெள்ளைக் கிண்ணம், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், பொறுமை. வெள்ளைப் பின்னணியில் விட்டதும் யூலேலியா முதலில் விளிம்பைச் சுற்றிச் சுற்றி ஓடும். அப்போது அதன் பக்கங்களைப் பாருங்கள். ஒவ்வொரு பக்கக்காலின் மேலும் தட்டையான பச்சை இலை ஒன்று வாலை நோக்கிச் சாய்ந்து நிற்கிறது. ஈட்டி முனைபோல் குறுகலாக, சற்றுத் தடிப்பாக. வளையத்துக்கு ஒரு ஜோடி என்ற கணக்கில், நன்கு வளர்ந்த புழுவில் ஏறக்குறைய இருநூறு ஜோடி. புழு நெளியும்போது அத்தனை இலைகளும் தலையிலிருந்து வால் நோக்கி அலையாகச் சாய்ந்து நிமிர்கின்றன. நீரிஸ் குடும்பத்தில் இப்படி அமையாது. இலை வரிசையைக் கண்டதுமே ஃபில்லோடோசிடே குடும்பம் என்று எழுதிக்கொள்ளலாம்.

ஓட்டம் ஓய்ந்ததும் தலைக்கு வர வேண்டும். ஊசிமுனை அளவுள்ள அந்தத் தலையில்தான் அடையாளம் இருக்கிறது. இரண்டு பெரிய கருங்கண்கள். தலையின் முன்விளிம்பில் நான்கு குட்டை உணர்கொம்புகள், பக்கத்துக்கு இரண்டாக. இப்போது கண்களுக்குச் சற்று முன்னால், நெற்றி நடுவே பாருங்கள். அங்கே ஐந்தாவதாக ஒற்றைக் கொம்பு தனியாக நிற்கிறதா? நின்றால் யூலேலியா, அல்லது அதற்கு நெருங்கிய யூமிடா. ஐந்தாவது இல்லாமல் நான்கோடு முடிந்தால் அது ஃபில்லோடோசி. அதன் தலை பின்பக்கம் பிளந்து இதய வடிவில் இருக்கும், அந்தப் பிளவில் சின்னப் பொட்டு ஒன்றும் தெரியும். யூலேலியாவையும் யூமிடாவையும் பிரிக்க இன்னும் ஒரு படி இறங்க வேண்டும்: தலைக்கு அடுத்த முதல் வளையம் மேலிருந்து தெளிவாகத் தெரிந்தால் யூலேலியா, தலைக்குக் கீழே ஒடுங்கிப் போயிருந்தால் யூமிடா. தலைக்குப் பின்னுள்ள மூன்று வளையங்களிலிருந்து நான்கு ஜோடி நீண்ட இழைகள் முன்னோக்கி நீளும். முதல் வளையத்தில் ஒரு ஜோடி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் ஒன்று. ஓடும் புழுவில் இதை எண்ணுவது கடினம். பழகியவர்கள் கைப்பேசியில் படமெடுத்துவிட்டுப் பிறகு நிதானமாக எண்ணுகிறார்கள்.

எண்ணும்போதே புழு திடீரென்று தொண்டையை வெளியே தள்ளினால் அதிர்ஷ்டம். சட்டைக் கையை உள்ளிருந்து வெளியே புரட்டுவதுபோல வாய்க்குள்ளிருந்து நீண்ட குழல் ஒன்று புரண்டு வருகிறது. மேலெல்லாம் நுண்ணிய பருக்கள். நுனியில் பல் இல்லை, கொக்கி இல்லை, தாடை இல்லை. கொட்டலசும் சிப்பியும் ஓடு போட்டுக்கொண்டு வாழும் ஊரில் பல்லில்லாத இந்த ஜீவன் எப்படிப் பிழைக்கிறது?

ஓரளவுக்கு அடுத்தவர் உழைப்பில். பிரிட்டிஷ் ஆய்வாளர் ஆர். எச். எம்சன் 1977-ல் இந்தப் புழுவின் உணவுப் பழக்கத்தையும் கரைச் சமூகத்தில் அதன் பங்கையும் பற்றி எழுதினார். 2011-ல் பிரையன் மார்ட்டன் வெளியிட்ட ஆய்வு அந்தச் சமூகத்தை இன்னும் விரிவாகக் காட்டியது. அங்கே மூவர் ஒரே சிப்பியைக் குறிவைக்கிறார்கள். வேட்டை நத்தை சிப்பி ஓட்டில் துளைபோட்டுச் சதையை உறிஞ்சுகிறது. கரை நண்டு ஓட்டை உடைத்துத் தின்கிறது. அடிபட்ட சிப்பியின் வாசனை நீரில் கலந்தால் போதும், இடுக்குகளிலிருந்து பச்சைப் புழுக்கள் வந்து சேர்கின்றன. மார்ட்டன் ஆராய்ந்தது டிபிடி நச்சிலிருந்து மீண்டுகொண்டிருந்த கரை. கப்பலின் அடிப்பாகத்தில் கொட்டலசு ஒட்டாமலிருக்கப் பூசிய வெள்ளீயச் சேர்மம்தான் டிபிடி. அது நீரில் கரைந்து பெண் வேட்டை நத்தைகளுக்கு ஆண்குறி முளைக்க வைத்தது. முட்டையிட முடியாமல் நத்தைக் கூட்டங்கள் பல இடங்களில் அழிந்தன. பிரிட்டன் 1987-ல் சிறு படகுகளுக்கு அதைத் தடை செய்தது, 2008-ல் உலகளாவிய தடை நடைமுறைக்கு வந்தது. நத்தைகள் திரும்பின. ஒரு கரையில் துளைபோடுபவர் இருப்பதும் இல்லாததும் அங்கே எச்சில் பொறுக்குபவரின் பிழைப்பையும் தொடும்.

ஆனால் வெறும் எச்சில் பொறுக்கி என்று யூலேலியாவை ஒதுக்கிவிட முடியாது. லிஸ்பனில் உள்ள நோவா பல்கலைக்கழகத்தில் பெட்ரோ கோஸ்டாவின் குழு இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. 2018-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை தாடையற்ற பாலிகீட்டாக்களின் நஞ்சைப் பற்றியது. அந்தப் புரட்டும் தொண்டையிலிருந்து சுரக்கும் கோழையில் புரத நஞ்சுகள் உள்ளன. இரை அசைவற்றுத் தளர்ந்ததும் புழு உறிஞ்சித் தின்கிறது. பல்லுக்குப் பதில் விஷம். கூடவே கோழை உடலையும் காக்கிறது. பட்டப்பகலில் பச்சைப் பசேலென்று திரியும் மெல்லிய புழுவைக் கடற்பறவைகளும் நண்டுகளும் ஏன் வழித்துத் தின்றுவிடுவதில்லை என்ற கேள்விக்கு இது ஒரு பகுதி விடையாக இருக்கலாம்.

அந்தப் பச்சை எதனால் ஆனது? தாவரம் தின்பதால் வந்த பச்சையம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் யூலேலியா மாமிசப் பட்சிணி. 2019-ல் அதே லிஸ்பன் குழு நிறமிகளைப் பிரித்துப் பார்த்தது. கிடைத்தவை பச்சையம் அல்ல. போர்பைரின் வகையைச் சேர்ந்த பல்வேறு நிறமிகளின் கலவை. போர்பைரின் வளையம் நமக்கு மிகவும் வேண்டியது: நம் இரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீம் மூலக்கூற்றின் எலும்புக்கூடு அதுதான். புழுவின் பச்சையை அந்தக் குழு ஹீம் வளர்சிதை மாற்றத்தோடுதான் இணைத்துப் பார்க்கிறது. நம் உடலில் சிவப்புக்குப் பயன்படும் சரக்கு, அங்கே பச்சைக்கு. பொனேலியாவின் பச்சை நிறமியும் இதே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது என்பதும், அது ஒளி பட்டால் நச்சாகிறது என்பதும் ஏற்கெனவே தெரிந்தவை. தூரத்து உறவினர்களான இரு கடற்புழுக்கள் ஒரே வகைச் சரக்கில் பச்சை பூசிக்கொண்டிருக்கின்றன.

இந்த நிறமிகளுக்கு இன்னொரு குணம் உண்டு: புழு செத்தபின் நிலைப்பதில்லை. சாராயத்தில் போட்டால் நிறம் கரைந்து வெளியேறும், மாறும், மங்கும். அருங்காட்சியகக் குப்பிகளில் பழைய பாலிகீட்டாக்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மங்கல் பழுப்பு. அதனால்தான் 19-ஆம் நூற்றாண்டில் கடற்புழு ஆராய்ந்தவர்களுக்கு நல்ல ஓவியர் இன்றியமையாதவராக இருந்தார். ஸ்காட்லாந்தின் வில்லியம் மெக்கின்டோஷுக்கு அப்படி ஓர் ஓவியர் வீட்டிலேயே இருந்தார், அவருடைய தங்கை ராபர்ட்டா. மெக்கின்டோஷ் மருத்துவர்; மர்த்லி என்ற ஊரில் மனநல விடுதியை நிர்வகித்துக்கொண்டே புழு ஆராய்ந்தவர்; பிறகு செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ராபர்ட்டா உயிருள்ள புழுக்களைப் பார்த்து வண்ணத்தில் தீட்டினார். 1868-ல் விலங்கியலாளர் ஆல்பர்ட் கூந்தரை மணந்து, அடுத்த ஆண்டே குழந்தைப்பேற்றை ஒட்டி இறந்துபோனார். அண்ணன் எழுதிய பிரிட்டிஷ் கடற்புழுக்கள் பற்றிய பெருநூல் 1873-ல் தொடங்கி 1923-ல்தான் நிறைவுற்றது. அதில் ராபர்ட்டாவின் வண்ணப் படங்கள் அச்சாயின. வரைந்தவர் அந்த நூலைப் பார்க்கவில்லை. நிறத்தால் இனத்தை உறுதி செய்ய முடியாது என்று மேலே சொன்னதற்கும் இதற்கும் முரண் இல்லை. உயிரோடிருக்கும்போது நிறத்தைப் பதிவு செய்யாவிட்டால் பிறகு அது யாருக்கும் கிடைக்காது, அவ்வளவுதான்.

பெயரின் கதைக்கு வருவோம். 1767-ல் லின்னேயஸ் தம் இயற்கை ஒழுங்கு நூலின் 12-ஆம் பதிப்பில் இந்தப் புழுவுக்கு நீரிஸ் விரிடிஸ் என்று பெயரிட்டார். அன்று நீரிஸ் என்பது கால் முளைத்த கடற்புழு பலவற்றையும் போட்டு வைக்கும் பெரிய கூடை. கூடையைப் பிரித்து அடுக்கியவர்களில் முக்கியமானவர் பிரெஞ்சுக்காரர் ஜூல்-செசார் சாவின்யி. நெப்போலியன் படையெடுப்போடு 1798-ல் எகிப்துக்குப் போன அறிஞர் குழுவில் ஒருவர். செங்கடல், மத்தியதரைக் கடல் உயிரினங்களை நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து வரைந்தார். யூலேலியா என்ற பேரினப் பெயர் அவர் வைத்ததுதான், 1822-ல். அதற்குள் அவருடைய கண்கள் கெட்டிருந்தன. சிறு வெளிச்சமும் தாங்காமல் கடைசிக் காலத்தை இருட்டறையில் கழித்தார். தாம் வரைந்த படத் தகடுகளுக்கு விளக்கம் எழுதக்கூட முடியவில்லை.

அந்த விளக்கத்தை எழுத அரசு வேறோர் இளம் விலங்கியலாளரை நியமித்தது: விக்தோர் ஓதுவேன். இவர் நண்பர் ஆன்ரி மில்ன்-எட்வர்ட்ஸோடு 1820-களில் நார்மண்டிக் கரையில், கிரான்வில், ஷோசே தீவுகள் என்று திரிந்தவர். வற்றிய பாறையில் உயிரினங்கள் உயரத்துக்கேற்பப் பட்டைகளாக வாழ்வதை முதலில் எழுதியவர்களில் இந்த இருவரும் உண்டு. பிரெஞ்சுக் கரையின் பச்சைப் புழுவுக்கு 1833-ல் ஃபில்லோடோசி கிளாவிகெரா என்று தனிப்பெயர் வைத்தார்கள்.

பின்வந்தவர்கள் அதை ஏற்கவில்லை. இரண்டும் பச்சை, இரண்டுக்கும் ஐந்து கொம்பு, இரண்டுக்கும் ஒரே மாதிரி இலை. எதற்கு இரண்டு பெயர்? கிளாவிகெரா விரிடிஸுக்குள் கரைந்துபோனது. 1991-ல் ப்ளெய்யெலும் டேல்ஸும் பிரிட்டனின் ஃபில்லோடோசிடேக்களுக்கு எழுதிய கையேடுகூட விரிடிஸ் என்றே சொன்னது.

ஐந்தே ஆண்டுகள். 1996-ல் போன்சே, ஷ்மிட், அய்பி-யாகோப்சன், வெஸ்ட்ஹைட் என்ற நால்வர், வட ஐரோப்பாவின் பல கரைகளிலிருந்து எடுத்த பச்சைப் புழுக்களை உயிர்வேதியியல் முறையிலும் உடலமைப்பிலும் ஒப்பிட்டார்கள். புழுக்கள் இரு கூட்டமாகப் பிரிந்தன. வடக்கே ஸ்காண்டிநேவியப் பக்கம் உள்ளது லின்னேயஸின் விரிடிஸ். தெற்கே பிரிட்டிஷ் தீவுகள், பிரான்ஸ் என்று நீள்வது இன்னொன்று. அதற்கு ஓதுவேன்-மில்ன்-எட்வர்ட்ஸ் வைத்த பெயரே மீண்டும் உயிர்பெற்று யூலேலியா கிளாவிகெரா ஆனது. நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் அந்த இருவர் தனிப்பெயர் வைத்தது சரியாகவே இருந்திருக்கிறது. பின்னால் வந்தவர்கள் சுருக்கி எளிமையாக்கியதே தவறு.

இதன் விளைவு சிறிதல்ல. பிரிட்டிஷ் கரைகளில் பல்லாண்டுகளாக எழுதப்பட்ட 'விரிடிஸ்' குறிப்புகள், எம்சனின் 1977 கட்டுரைத் தலைப்பு உட்பட, இன்றைய கணக்கில் பெரும்பாலும் கிளாவிகெராவைப் பற்றியவை. போர்ச்சுகல் ஆய்வுகளிலும் பெயர் இதே ஊசலாட்டத்தில் மாட்டிக்கொண்டது. நஞ்சை ஆராய்பவர் எந்தப் புழுவின் நஞ்சு என்று சொல்ல முடியாமல் போனால் அடுத்தவர் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய முடியாது.

இந்த நோய் பச்சைப் புழுவோடு நிற்கவில்லை. ஐரோப்பியக் கரையில் பெயரிட்ட இனத்தை உலகமெங்கும் தேடிக் கண்டுபிடிப்பது பாலிகீட்டா ஆய்வின் பழைய பழக்கம். பியேர் ஃபோவெல் என்ற பிரெஞ்சுக்காரர் 1953-ல் எழுதிய இந்தியப் பாலிகீட்டா நூல்தான் நெடுங்காலம் நம் கரை ஆய்வாளர்களின் கைநூல். ஐரோப்பியப் புழுக்களைக் கரைத்துக் குடித்தவர் அவர். நம் கரைப் புழுக்களுக்கும் ஐரோப்பியப் பெயர்கள் தாராளமாக வந்து சேர்ந்தன. தொட்டால் எரியும் தீப்புழு யூரித்தோயி காம்ப்ளனேட்டா உலகின் வெப்பக் கடல்கள் அனைத்திலும் உண்டு என்று சொல்லப்பட்டு வந்தது, இந்தியப் பட்டியல்களிலும் அந்தப் பெயர் உண்டு. 2010-ல் மரபணுக்களைப் பார்த்தபோது அந்த ஒரு பெயருக்குள் குறைந்தது மூன்று இனங்கள் ஒளிந்திருந்தன. 2020-ல் சென்னைப் பகுதியின் சேற்றுப் புழு ஒன்று மர்பைசா மத்ராஸி என்ற புதிய இனமாக விவரிக்கப்பட்டது. ஆஸ்திரேலியப் பாலிகீட்டா அறிஞர் பாட் ஹட்சிங்ஸும் இந்திய ஆய்வாளர்களும் சேர்ந்து எழுதிய கட்டுரை அது. காலங்காலமாகக் காலடியில் இருந்த புழுவுக்குச் சொந்தப் பெயர் கிடைக்க இவ்வளவு நாள் ஆனது.

சரி, பாறைக் கரையில் நிற்பவர் என்ன செய்ய வேண்டும்?

வற்றம் உச்சத்தைத் தொடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்விட வேண்டும். நீர் இறங்க இறங்கக் கூடவே இறங்கலாம். வெயில் கொளுத்தும் நாள் வேண்டாம், மேகமோ தூறலோ உள்ள நாளே யூலேலியாவுக்குப் பிடித்த நாள். கொட்டலசு, சிப்பிப் படுகைகளின் விரிசல்களைப் பார்க்க வேண்டும். கெல்ப் கடற்பாசியின் வேர்போன்ற பிடிகளிலும் இருக்கும். இளவேனிலில் போனால் கடற்பாசியிலும் பாறையிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் பச்சைக் கூழ் உருண்டைகள் கண்ணில் படலாம். யாரோ வீசிய மிட்டாய்போலத் தெரிந்தாலும் அவை ஃபில்லோடோசிடேக்களின் முட்டைத் திரள்கள். முட்டையை மட்டும் வைத்து யூலேலியாவா ஃபில்லோடோசியா என்று சொல்லத் துணிய வேண்டாம். புழுவைச் சில நிமிடங்களுக்கு மேல் கிண்ணத்தில் வைத்திருக்கவும் வேண்டாம். சிறிய கிண்ணத்து நீர் சீக்கிரம் சூடேறிவிடும். புரட்டிய கல்லை இருந்தபடியே திருப்பி வைப்பது கட்டாயம். அடிப்பக்கத்து உயிர்களுக்கு வெயில் எமன், மேற்பக்கத்துப் பாசிக்கு இருட்டு எமன்.

எடுக்க வேண்டிய படங்கள் மூன்று: முழு உடல், மேலிருந்து தலை, பக்கவாட்டில் ஓர் இலை. தேதி, இடம், பாறையில் எந்த உயரத்தில் கிடைத்தது என்பதும் குறிக்கப்பட வேண்டும். பெயர் எழுதும் இடத்தில் நேர்மை வேண்டும். இலை வரிசை தெரிந்து தலை தெரியவில்லையா, குடும்பப் பெயரோடு நிறுத்துங்கள். ஐந்தாவது கொம்பும் முதல் வளையமும் தெரிந்தால் யூலேலியா என்று எழுதுங்கள். வேல்ஸிலோ பிரான்ஸிலோ நின்றுகொண்டு பழைய கையேட்டைப் பார்த்து விரிடிஸ் என்று முடித்துவிடாதீர்கள். அங்கே கிளாவிகெராவுக்கே வாய்ப்பு அதிகம். நார்வேயில் நிற்பவருக்கு விரிடிஸ் பொருந்தும். இரண்டின் எல்லையில் நிற்பவர் பேரினத்தோடு நிறுத்திவிட்டு, முடிந்தால் ஒரு மாதிரியை அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கட்டும். குப்பியில் போடுமுன் உயிரோடு ஒரு வண்ணப் படம் எடுத்து, அதன் எண்ணைச் சீட்டில் எழுதி உடன் சேர்க்க மறக்க வேண்டாம்.